எந்த மீன், என்ன வயது, எத்தனை மணி நேரம்

இந்தியாவில் ஓர் ஆலை தன் கழிவுநீரை வெளியே விடுவதற்கு முன் நிறைவேற்ற வேண்டிய பொதுத் தரங்கள் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள், 1986-ன் ஆறாவது அட்டவணையில் இருக்கின்றன. எண்ணெய்ப் பிசுக்கு, ஈயம், பாதரசம், சயனைடு என்று நீளும் அந்தப் பட்டியலில் ஒரு வரி மட்டும் எந்த வேதிப்பொருளின் பெயரையும் சொல்லாமல் ஓர் உயிரைச் சாட்சிக்கு அழைக்கிறது. நல்ல நீர் எதுவும் கலக்காத முழுக் கழிவுநீரில் 96 மணி நேரம் கழித்தும் 90 விழுக்காடு மீன்கள் பிழைத்திருக்க வேண்டும் என்பது அந்த வரி.

இதை எழுதியவர்கள் நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். வேதியியல் பகுப்பாய்வு தேடியதை மட்டுமே காட்டும். ஈயத்தைத் தேடினால் ஈயம் எவ்வளவு என்று சொல்லும். தேடாத நூறு பொருள்கள் அதே குடுவையில் இருந்தாலும் அறிக்கையில் வராது. மீனுக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. நீரில் உள்ள அனைத்தும் சேர்ந்து அதன் செவுளைத் தொடுகின்றன, சேர்ந்தே வேலை செய்கின்றன. ஆனால் அட்டவணையின் அந்த ஒற்றை வரியில் எந்த மீன், அதற்கு என்ன வயது என்ற பேச்சே இல்லை. எப்படிச் சோதிப்பது என்பதைத் தனி ஆவணங்கள் சொல்கின்றன. அங்கே எடுக்கப்படும் சிறிய முடிவுகள்தான் சோதனையின் பதிலையே நிர்ணயிக்கின்றன என்பதை அமெரிக்காவின் மேற்குக் கரையில் நடந்த ஒரு நீண்ட தேடல் காட்டியது. அதற்குப் போவதற்கு முன், சோதனைத் தொட்டியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்துவிடலாம்.

உலகெங்கும் ஆய்வகங்கள் பின்பற்றும் வழிமுறைகளைப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பு வெளியிடுகிறது. மீனுக்கான கடும் நச்சுச் சோதனைக்கு எண் 203. முதலில் ஏற்கப்பட்டது 1981-ல். இதில் முழு வளர்ச்சி பெற்ற மீன்களைப் போடுவதில்லை, சிறு மீன்களையே எடுக்கிறார்கள். ரெயின்போ டிரவுட் என்றால் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நீளம். வரிக்குதிரை மீன் என்றால் 2 சென்டிமீட்டர் போல. ஒரே வேதிப்பொருளைக் குறைந்தது ஐந்து செறிவுகளில் கரைத்து, ஒவ்வொரு தொட்டியிலும் குறைந்தது ஏழு மீன்கள். எதுவும் கலக்காத ஒரு தொட்டி பக்கத்திலேயே இருக்கும். அந்தத் தொட்டியில் பத்து விழுக்காட்டுக்கு மேல் செத்தால் மொத்தச் சோதனையும் செல்லாது. மூச்சுத் திணறிச் செத்ததை நஞ்சால் செத்ததாக எண்ணிவிடக் கூடாதே, அதனால் கரைந்த ஆக்சிஜன் 60 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வார்கள். நான்கு நாள் தீனி கிடையாது. 24, 48, 72, 96-ஆம் மணிகளில் எத்தனை செத்தன என்று எண்ணுவார்கள். கடைசியில் கிடைப்பது ஒரே எண்: பாதி மீன்களைக் கொல்லும் செறிவு. துறைக்காரர்கள் வாயில் அது எல்சி50.

வேதிப்பொருள்களை ஒப்பிட இந்த எண் உதவுகிறது. எது அதிக நஞ்சு, எது குறைவு என்று வரிசைப்படுத்தலாம். ஆனால் இதைப் பாதுகாப்பு எல்லை என்று யாராவது எடுத்துக்கொண்டால் அது ஆபத்தான தவறு. பாதி மீன் செத்த அளவு அது. மீதிப் பாதி பிழைத்தது என்பதற்கு, நான்காவது நாள் அசைந்துகொண்டிருந்தது என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. அது பிறகு வளர்ந்ததா, இரை பிடித்ததா, முட்டையிட்டதா என்பதெல்லாம் இந்தச் சோதனை கேட்காத கேள்விகள்.

சியாட்டில் நகரத்து ஓடைகளுக்கு வருவோம். 1990-களின் இறுதியில் அங்கே குப்பையும் குழாயுமாகக் கிடந்த நகர ஓடைகளைச் சீர்படுத்தினார்கள். கரையில் மரம் நட்டார்கள், மீன் ஏறிவர வழி விட்டார்கள். கோஹோ சால்மன்களும் கடலிலிருந்து திரும்பி வந்தன. இலையுதிர் கால மழை பெய்ததும் அவை ஓடைக்குள் ஏறின. ஏறிய சில மணி நேரத்தில் செத்தன. நீர்ப்பரப்பில் வாயைப் பிளந்துகொண்டு, நிலை தடுமாறி, பக்கவாட்டில் சாய்ந்து நீந்திச் செத்தன. பெண் மீன்களின் வயிற்றில் முட்டை அப்படியே இருந்தது. பின் வந்த ஆண்டுகளில் நடந்த கணக்கெடுப்பில் நகர ஓடைகளுக்கு வந்த கோஹோக்களில் 60 முதல் 100 விழுக்காடு வரை இப்படி முட்டையிடாமலே மடிந்தது தெரிந்தது.

நோயா என்று பார்த்தார்கள், இல்லை. ஆக்சிஜன் குறைவா, வெப்பமா, பூச்சிக்கொல்லியா? எதுவும் பொருந்தவில்லை. சாலையில் ஓடும் மழைநீரில் செம்பும் துத்தநாகமும் எண்ணெய் ஹைட்ரோகார்பன்களும் இருப்பது தெரிந்த விஷயம். அவற்றை மழைநீரில் இருக்கும் அளவிலேயே ஆய்வகத்தில் கலந்து கொடுத்தபோது கோஹோ சாகவில்லை. நெடுஞ்சாலையிலிருந்து பிடித்துவந்த உண்மையான மழைநீரில் விட்டால் செத்தது. ஆக, யாருடைய பட்டியலிலும் இல்லாத ஏதோ ஒன்று அந்த நீரில் இருந்தது. அதே நீரில் விடப்பட்ட இன்னொரு சால்மன் இனமான சம், பாதிப்பே இல்லாமல் நீந்தியது.

தேடலை நடத்த ஒரு பெரிய தடை இருந்தது. வளர்ந்த கோஹோ ஓடைக்கு வருவது ஆண்டில் சில வாரங்கள்தான். ஒவ்வோர் இலையுதிர் காலத்துக்கும் காத்திருந்து, கைக்கு எட்டிய சில பெரிய மீன்களை வைத்து ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களைச் சலித்துப் பார்க்க முடியாது. குஞ்சு பொரிப்பகங்களில் வளரும் இளம் கோஹோவும் அதே நீரில் அதே அறிகுறிகளோடு சாகிறது என்பது உறுதியானதும் தேடலின் வேகமே மாறிவிட்டது. இளமீன் ஆண்டு முழுதும் கிடைக்கும். சிறிய அளவு நீர் போதும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டக்கோமா வளாகத்தைச் சேர்ந்த எட்வர்டு கொலோட்ஜே, ஷென்யு தியன், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் மெக்கின்டைர் ஆகியோரின் குழு இந்த வழியில் இறங்கியது.

சாலைநீரில் டயர் தேய்மானமும் கலக்கிறது என்பதால், டயரைச் சீவித் தூளாக்கி நீரில் ஊறவைத்தார்கள். ஊறல் நீர் இளம் கோஹோவைக் கொன்றது. அந்த நீரில் 2,000-க்கு மேற்பட்ட வேதிப்பொருள்களின் தடங்கள். இனி செய்ய வேண்டியது முறத்தில் புடைப்பது போன்ற வேலை: நீரை அதன் வேதிக் குணத்தை வைத்து இரண்டாகப் பிரி, இரண்டிலும் மீனை விடு, எதில் சாகிறதோ அதை வைத்துக்கொள், மற்றதைத் தள்ளு, வைத்துக்கொண்டதை மறுபடி பிரி. ஒவ்வொரு படியிலும் தீர்ப்பு சொன்னது இளமீன்தான், எந்தக் கருவியும் அதைச் சொல்லியிருக்க முடியாது. கடைசியில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில் ஒரு படிவு மிஞ்சியது. அதன் மூலக்கூறில் கார்பன் 18, ஹைட்ரஜன் 22, நைட்ரஜன் 2, ஆக்சிஜன் 2.

டயரில் சேர்க்கப்படும் பொருள்களின் பட்டியலில் அப்படி ஒரு மூலக்கூறு இல்லை. ஆனால் அதற்கு மிக நெருக்கமான ஒன்று இருந்தது: கார்பன் 18, ஹைட்ரஜன் 24, நைட்ரஜன் 2. அதன் சுருக்கப் பெயர் 6பிபிடி. காற்றில் உள்ள ஓசோன் ரப்பரில் வெடிப்புகளை உண்டாக்கும். அதைத் தடுக்க, தானே முந்திக்கொண்டு ஓசோனோடு வினைபுரிந்து ரப்பரைக் காக்கும் பொருள் இது. உலகெங்கும் டயர்களில் சேர்க்கிறார்கள். அது ஓசோனோடு வினைபுரிந்தால் என்ன உண்டாகும் என்று ஆய்வகத்தில் செய்து பார்த்தபோது, மீனைக் கொன்ற அதே மூலக்கூறு கிடைத்தது: 6பிபிடி-குயினோன். 2020 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வெளிவந்தது.

அந்தக் கட்டுரையில் கோஹோவுக்கான பாதி கொல் செறிவு லிட்டருக்கு 0.79 மைக்ரோகிராம் என்று இருந்தது. அப்போது இந்த மூலக்கூறு தூய வடிவில் விற்பனைக்கே கிடையாது. தாங்கள் பிரித்தெடுத்த சிறு அளவை வைத்துத்தான் அளந்தார்கள். பிறகு தூய தரப்பொருள் கிடைத்ததும் அதே குழுவினர் மறுபடி அளந்து, 2022-ல் எண்ணைத் திருத்தினார்கள்: 95 நானோகிராம். முதல் கணக்கில் தெரிந்ததைவிட எட்டு மடங்கு கொடிய நஞ்சு. ஒலிம்பிக் அளவு நீச்சல் குளத்தில் 25 லட்சம் லிட்டர் நீர் பிடிக்கும். அத்தனை நீரிலும் கால் கிராமுக்குக் குறைவாகக் கரைத்தாலே கோஹோ பாதி செத்துவிடும். இன்னும் இளைய குஞ்சுகளில், நீந்தத் தொடங்கிச் சில வாரங்களே ஆனவற்றில், 2023-ல் வெளியான அளவீடு 41 நானோகிராம் என்றது. வயது குறையக் குறைய எண்ணும் இறங்கியது.

இப்போது இதே பொருளை வழக்கமான சோதனை மீன்களிடம் கொண்டுபோனால் என்ன ஆகும்? ஜப்பானிய ஆய்வாளர்கள் 2021-ல் கொண்டுபோனார்கள். வரிக்குதிரை மீனும் மெடாகா மீனும், நீரில் எவ்வளவு கரையுமோ அவ்வளவு கரைத்துக் கொடுத்தும் சாகவில்லை. உலக ஆய்வகங்கள் பெரிதும் நம்பியிருக்கும் இரண்டு மீன்கள் அவை. டயரிலிருந்து வரும் இந்தப் பொருளை முறைப்படி வரிக்குதிரை மீனில் மட்டும் சோதித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தால், அந்தச் சான்றிதழில் ஒரு பொய்யும் இருந்திருக்காது. கோஹோவும் செத்துக்கொண்டே இருந்திருக்கும். சால்மன் குடும்பத்துக்குள்ளேயே ரெயின்போ டிரவுட் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் அளவில் சாகிறது. சினூக் சால்மனோ அதைப் போல அறுபது மடங்குக்கு மேல் கொடுத்தும் தாங்குகிறது. உறவு முறையை வைத்து ஊகிக்கவும் வழியில்லை.

எந்த மீன் என்பதற்கு இது சாட்சி. என்ன வயது, எத்தனை காலம் என்ற மற்ற இரண்டு கேள்விகளுக்கு முன்பே ஆய்வுகள் நடந்திருந்தன. 1960-களிலும் 70-களிலும் அமெரிக்காவின் துலூத் நகர அரசு ஆய்வகத்தில், மீனை முட்டை முதல் அடுத்த தலைமுறை முட்டை வரை நஞ்சுள்ள நீரிலேயே வளர்த்து எந்தப் பருவத்தில் அடி விழுகிறது என்று பார்த்தார்கள். ஒரு சோதனைக்கே மாதக்கணக்கில் ஆகும், சில மீன்களுக்கு ஆண்டைத் தாண்டும். அங்கு பணியாற்றிய ஜேம்ஸ் மெக்கிம் இப்படிச் சேர்ந்த முடிவுகளை 1977-ல் ஒப்பிட்டு, முட்டையும் இளங்குஞ்சுமான பருவத்தை மட்டும் சோதித்தாலே முழு வாழ்நாள் சோதனைக்கு நெருங்கிய விடை பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது என்று காட்டினார். இன்றைய தொடக்கப் பருவச் சோதனை, வழிமுறை எண் 210, அந்தச் சிந்தனையின் வழி வந்தது.

இளம் பருவம் ஏன் இவ்வளவு மென்மையானது என்பதற்குப் பல காரணங்கள் ஒன்றாகச் சேர்கின்றன. குஞ்சின் எடைக்கு ஏற்ற உடல் பரப்பு மிக அதிகம். நீரிலுள்ளது விரைவாக உள்ளே போகிறது. நஞ்சை உடைத்து வெளியேற்றும் ஈரல் இன்னும் முழுதாகத் தயாராகவில்லை. தாய் உடலில் கொழுப்பில் சேர்ந்த டயாக்சின் போன்றவை மஞ்சள் கருவோடு சேர்ந்தே குஞ்சுக்கு வந்துவிடுகின்றன; நீர் தூய்மையாக இருந்தாலும் அது தப்ப முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உறுப்புகள் உருவாகும் நேரம் இது. வளர்ந்த இதயத்தில் சற்று நேரத் தடுமாற்றமாகப் போய்விடும் ஒன்று, உருவாகிக்கொண்டிருக்கும் இதயத்தில் நிரந்தரக் குறையாகத் தங்கிவிடும்.

இதை அலாஸ்கா கற்றுக்கொடுத்தது. 1989 மார்ச் 24 அன்று எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறையில் மோதி, ஏறத்தாழ 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் பிரின்ஸ் வில்லியம் வளைகுடாவில் கொட்டியது. அங்கே பிங்க் சால்மன் கடல் ஏறி இறங்கும் ஓடைமுகத்துக் கூழாங்கற்களுக்கு அடியில் முட்டையிடும். எண்ணெய் மிதந்து போன பிறகும் கற்களுக்கிடையே ஒட்டியிருந்தது, மெல்லக் கசிந்தது. அரசு ஆய்வாளர்கள் கருமுட்டைகளை எண்ணெய் பூசிய கற்களிடையே வளர்த்து, பிழைத்துப் பார்வைக்கு நலமாக இருந்த குஞ்சுகளுக்கு அடையாளம் இட்டுக் கடலில் விட்டார்கள். எண்ணெய்க் கூட்டுப்பொருள்கள் நூறு கோடியில் 5.4 பங்கு மட்டுமே இருந்த நீரில் வளர்ந்தவை, எண்ணெயே படாதவற்றைவிட 15 விழுக்காடு குறைவாகக் கடலில் பிழைத்தன. 2000-ல் வந்த இந்த முடிவை மீன் நச்சியலின் மிக முக்கியமான அளவீடுகளில் ஒன்றாகக் கருதுகிறேன். 96 மணி நேரத் தொட்டியில் இந்த மீன்கள் அத்தனையும் தேறியிருக்கும்.

அவற்றுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சியாட்டிலில் ஜான் இன்கார்டோனா குழுவினர் வரிக்குதிரை மீனின் கருவை நுண்ணோக்கியில் வைத்துக் கண்டுபிடித்தார்கள். எண்ணெயில் உள்ள மூன்று வளைய மூலக்கூறுகள் கருவின் இதயத் துடிப்பைக் குலைக்கின்றன. துடிப்பு கெட்டால் இதயம் சரியான வடிவத்தில் உருவாவதில்லை. இப்படி வளரும் மீன் வேகமாக நீந்த முடியாமல் போகிறது. கடலில் வேகமில்லாத மீன் இன்னொன்றின் இரை. 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்த பின், சூரை மீன்களின் கருவிலும் இதே இதயக் கோளாறு காணப்பட்டது.

கோஹோவைக் கொன்ற நஞ்சை உணராத வரிக்குதிரை மீன், எண்ணெயின் சூட்சுமத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டியதற்குக் காரணம் அதன் கண்ணாடி போன்ற கரு. நம் துணைக்கண்டத்து நீர்களில் வாழும் இந்தச் சிறு மீனை, 1822-ல் கங்கை மீன்களைப் பற்றிய நூலில் பிரான்சிஸ் ஹாமில்டன் விவரித்தார். விளக்குப் போட்டதும் காலையில் முட்டையிடும். 24 மணி நேரத்தில் கருவுக்குள் இதயம் துடிப்பது தெரியும்; மூன்றாம் நாள் வாக்கில் பொரித்துவிடும்; ஐந்தாம் நாள் தானே இரை தேடும். இத்தனையையும் எதையும் அறுக்காமல், வெளியிலிருந்தே பார்க்கலாம்.

இதை அடிப்படையாகக் கொண்டு 2013-ல் கருச் சோதனைக்கென எண் 236 வழிமுறை வந்தது. 24 குழிகள் கொண்ட ஒரு தட்டு. குழிக்கு ஒரு முட்டை. ஒரு செறிவுக்கு 20 முட்டைகள். வெப்பம் 26 டிகிரி. முட்டையிட்டு மூன்று மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். ஒவ்வொரு நாளும் பார்ப்பது நான்கு அறிகுறிகள்: கரு பால் போல உறைந்து வெளுத்துவிட்டதா; முதுகுத் தசைக் கணுக்கள் உருவாகாமல் நின்றுவிட்டனவா; வால் மஞ்சள் கருவிலிருந்து பிரியாமல் ஒட்டிக்கிடக்கிறதா; இதயத் துடிப்பு இல்லையா. நான்கில் ஒன்று இருந்தாலும் அது இறப்புக் கணக்கு. ஊசி முனையளவு உயிரிடம் இவ்வளவு குறிப்பாகக் கேள்வி கேட்க முடிகிறதே என்ற வியப்பு எனக்கு இன்றும் குறையவில்லை.

இந்த மாற்றத்துக்கு அறத்தின் தூண்டுதலும் உண்டு. 2010-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் தானே இரை தேடத் தொடங்கிய குஞ்சைத்தான் பாதுகாக்கப்பட்ட சோதனை விலங்காகக் கொள்கிறது. வரிக்குதிரை மீனுக்கு அந்த எல்லை 120 மணி நேரம். ஜெர்மனி அதற்கு முன்பே ஆலைக் கழிவுநீர்ச் சோதனையில் மீன்களை விட்டுவிட்டு முட்டைக்கு மாறியிருந்தது. 2021-ல் ஒரு படி மேலே போய், ரெயின்போ டிரவுட்டின் செவுளிலிருந்து வளர்த்த செல்களை மட்டும் வைத்துச் செய்யும் சோதனை எண் 249-ஆக ஏற்கப்பட்டது. மீன் சாகாமல் விடை கிடைக்குமானால் அந்த வழியே நல்லது. ஆனால் ஒவ்வொரு மாற்றிலும் ஒரு கேள்வி நழுவிப்போகிறது என்பதையும் கண்ணில் வைத்திருக்க வேண்டும். முட்டையின் ஓடு பெரிய மூலக்கூறுகளை உள்ளே விடாது. அல்லைல் ஆல்கஹால் போன்றவை உடலுக்குள் நொதியால் மாற்றப்பட்ட பிறகே நஞ்சாகும். அந்த வேலைக்குக் கரு இன்னும் தயாராகாததால், வளர்ந்த மீனைக் கொல்லும் அளவைக் கரு தாங்கிவிடுகிறது. தட்டில் வளரும் செவுள் செல்லுக்கு இதயமும் இல்லை, மூளையும் இல்லை.

இந்தக் குறைகள் டயர் விவகாரத்தில் இப்போது நேரடியாகவே உரசுகின்றன. 6பிபிடி உள்ள வாகன டயர்களைக் கலிபோர்னியா மாநிலம் 2023 அக்டோபர் 1 முதல் முன்னுரிமைப் பொருளாக அறிவித்து, பாதுகாப்பான மாற்றைத் தேடும்படி தயாரிப்பாளர்களைக் கேட்டிருக்கிறது. அதே ஆண்டு யுரோக், போர்ட் கேம்பிள் ஸ்க்லாலம், புயாலப் பழங்குடியினர் இந்தப் பொருளுக்கு எதிராகக் கொடுத்த மனுவை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஏற்றுக்கொண்டது. சால்மனை நம்பி வாழும் மக்கள் அவர்கள். சாலைநீரை மணலும் மட்கும் நிரப்பிய படுகை வழியே வடித்துவிட்டால் கோஹோ பிழைக்கிறது என்பதும் சோதனையில் தெரிந்திருக்கிறது. ஓடைக்கரையில் அந்த வேலையைச் செய்துகொண்டே மாற்றையும் தேடலாம்.

மாற்றாக வரும் பொருளும் ஓசோனோடு வினைபுரிந்தாக வேண்டும். டயரில் அதன் வேலையே அதுதான். எனவே புதுப் பொருளை மட்டும் சோதித்தால் போதாது, ஓசோனில் அது என்னவாகிறதோ அதையும் சோதிக்க வேண்டும். வரிக்குதிரை மீனின் கரு முதல் சல்லடையாக இருக்கலாம். அடுத்து ரெயின்போ டிரவுட்டும், மூன்று வாரக் கோஹோ குஞ்சும், அந்தந்த நாட்டுச் சாலைநீர் எந்த ஓடைக்குள் போகிறதோ அந்த ஓடையின் மீன்குஞ்சும் தொட்டிக்கு வர வேண்டும். பிழைத்தவற்றை 96-ஆம் மணியோடு கைவிடாமல், அவை நீந்தும் வேகத்தையும் வளர்ச்சியையும் வாரக்கணக்கில் அளக்க வேண்டும்.